லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை: சிறுதொழில் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் கடலைமிட்டாய் செய்து, உள்ளூர்க் கடைகளில் பாட்டிலில் போட்டுச் சில்லறையாக விற்கக் கொடுக்கிறேன். மூன்று மாதங்களாக இன்ஸ்டாகிராமில் மாதம் 5,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறேன். லைக் வருகிறது, பலர் விலையும் கேட்கிறார்கள், விலையைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. விளம்பரத் தொகையைக் கூட்டலாமா?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: கூட்ட வேண்டாம், இந்த மாதம் நிறுத்தியே வையுங்கள். விலை கேட்கும் அளவுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் குறை விளம்பரத்தில் இல்லை, கூரியர் கட்டணத்தில்தான் இருக்க வேண்டும். 200 கிராம் பாக்கெட் 70 ரூபாய், அதைச் சென்னைக்கு அனுப்பும் செலவு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தெருமுனைக் கடையில் கிடைக்கும் தின்பண்டத்துக்கு 130 ரூபாய் கொடுக்க எவரும் யோசிக்கவே செய்வார்கள். ஆகவே ஒற்றைப் பாக்கெட் விற்பனையை விட்டு, ஐந்து பாக்கெட் கொண்ட ஒரு கிலோப் பெட்டியாக, கூரியர் கட்டணமும் அடங்கிய ஒரே விலையைப் பதிவிலேயே எழுதிவிடுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்று எழுதுவது, வாங்க வந்தவரை வாசலில் நிறுத்தி வைப்பதுதான்.

மீண்டும் விளம்பரம் செய்யும்போது தமிழ்நாட்டுக்குள் மட்டும் தெரியும்படி அமையுங்கள். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை மாநிலத்துக்குள் பொருள் விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெங்களூருவுக்கு ஒரு பெட்டி விற்றாலும் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

எனக்கு இதைவிடப் பெரிய இழப்பாகத் தெரிவது உங்கள் ஊர்க் கடைகளில் நடப்பதுதான். பாட்டிலிலிருந்து எடுத்துத் தின்பவருக்கு அதைச் செய்தவர் யார் என்று தெரிய வழியே இல்லை. விளம்பரத்துக்குப் போன 15,000 ரூபாயில் ஒரு பகுதியையாவது பாக்கெட்டுக்கும் லேபிளுக்கும் செலவிட்டிருக்கலாம். எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் ஆகியவை எப்படியும் அச்சிட வேண்டியவை. அவற்றோடு உங்கள் வாட்ஸ்அப் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். பெயருக்கு முன்னால் 'கோவில்பட்டி' என்று சேர்க்கும் ஆசை வரும். அது 2020இல் புவிசார் குறியீடு (அந்தப் பகுதித் தயாரிப்புக்கு மட்டுமே உரிய பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு) பெற்ற பெயர் என்பதால், அதை நீங்கள் பயன்படுத்தக் கூடாது.

அந்த எண்ணுக்கு அழைப்பவர்களிடம் உங்கள் எண்ணையும் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சேமிக்காதவர்களுக்கு, பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேராது. தினமும் 'காலை வணக்கம்' அனுப்பாமல், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பாகவும் புதுச்சரக்கு போடும் நாளிலும் மட்டும் அனுப்பினால் போதும்.

கேள்வி: நாங்கள் தயாரிக்கும் மசாலாப் பொடிகளை வாங்கும் சூப்பர் மார்க்கெட், பணம் கொடுக்க மூன்று மாதம் இழுக்கிறது. சரக்கை நிறுத்தினால் வியாபாரம் போய்விடுமே?
- வாசகர், ஈரோடு

பதில்: சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் கட்டணமே இல்லாத உத்யம் பதிவை முதலில் செய்து, அதன் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் எடுத்துக்கொள்ளக்கூடிய தவணை 45 நாள்தான். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த உரிமை இல்லை. நீங்கள் தயாரிப்பாளர் என்பதால் உண்டு. ஆனாலும் எடுத்த எடுப்பில், தாமதப் பணத்துக்கான அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்க வேண்டாம். அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு இந்த 45 நாள் விதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, அதைக் கொடுக்கும் ஆண்டின் செலவாகத்தான் வருமான வரியில் காட்ட முடியும் என்பது அவர்களுடைய ஆடிட்டருக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகும் இழுத்தால், பழைய பில்லுக்குப் பணம் வந்தால்தான் அடுத்த லோடு என்று சொல்லிவிடுங்கள்.