மகள் வங்கியில் விலை சரிபார்க்கும் வேலைக்குப் போகலாமா? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வணிகவியல் பட்டப்படிப்பை முடிக்கப்போகும் உங்கள் மகளுக்கு ஒரு வங்கியின் மதிப்பீட்டுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை வந்திருக்கிறது. "கிளையில் உட்காருகிற வேலையும் இல்லை, கடன் கொடுக்கிற வேலையும் இல்லை. யாரோ சொன்ன விலையை இவள் சரிபார்ப்பாளாம். நாளைக்கே கம்ப்யூட்டர் செய்துவிடாதா? பேசாமல் எம்பிஏ சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு எண்ணைப் பார்த்ததும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் சுபாவம் உங்கள் மகளுக்கு இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். வந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டு கூட்டிப் பார்ப்பதுதான் அவருக்குப் பிடிக்கும் என்றால், இந்த வேலை அவரை வாட்டிவிடும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரிய, அந்த வேலை என்னவென்று நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வங்கியின் சொத்து என்றதும் கொடுத்த கடன்தான் நம் நினைவுக்கு வரும். கடன் போக, அரசுப் பத்திரங்கள், நிறுவனங்களின் கடன் பத்திரங்கள், பங்குகள், ஸ்வாப், ஆப்ஷன் என்று வேறொன்றின் விலையையோ வட்டியையோ சார்ந்து மதிப்பு மாறும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் எல்லாம் அதன் கையில் இருக்கும். கணக்கு முடிக்கும் நாளன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு எழுதியாக வேண்டும். வாங்கிய விலையை எழுதுவதா, இன்றைய விலையை எழுதுவதா? விற்பனையே நடக்காத பொருளுக்கு இன்றைய விலை என்று எதை எழுதுவது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முகமதிப்பு 100, ஆண்டு வட்டி 5 சதவீதம், 10 ஆண்டில் முதிரும் ஒரு பத்திரத்தை வங்கி 100 கொடுத்து வாங்குகிறது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே சந்தை வட்டி 7 சதவீதம் ஆகிவிட்டது. புதிதாக வாங்குபவருக்கு வெளியே 7 கிடைக்கும்போது 5 தரும் பத்திரத்துக்கு யார் 100 கொடுப்பார்? வரப்போகும் வட்டியையும் அசலையும் 7 சதவீத வட்டிப்படி இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்த்தால் சுமார் 86 வரும். இத்தனைக்கும் பத்திரம் வெளியிட்டவர் ஒரு தவணைகூடத் தவறவில்லை.

இந்த 14 இழப்பு எங்கே தெரியும் என்பது, வங்கி அந்தப் பத்திரத்தை எந்த வகையில் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை இரண்டு கேள்விகள் கேட்கிறது. எதற்காக வைத்திருக்கிறீர்கள்? அதிலிருந்து வருவது அசலும் வட்டியும் மட்டும்தானா? வட்டி வாங்கிக்கொண்டு முதிர்வு வரை வைத்திருப்பதே நோக்கம் என்றால், சந்தை விலையைப் பார்க்காமல் வாங்கிய விலையை அடிப்படையாகக் கொண்டு எழுதும் கடன்தீர்ப்புக் கிரயம். அந்தப் பத்திரம் கணக்கில் 100 ஆகவே நிற்கும். வட்டியும் வாங்குவோம், வேண்டும்போது விற்கவும் செய்வோம் என்றால் நியாய மதிப்பு 86 என்று எழுதி, 14 இழப்பை லாப நட்டக் கணக்கைத் தொடாமல், பிற முழுமை வருமானம் என்ற தலைப்பு வழியாக நேரே வங்கியின் சொந்த மூலதனப் பகுதிக்குக் கொண்டுபோவார்கள். வாங்கி விற்று லாபம் பார்க்கவே வைத்திருந்தால் அதே 14 லாப நட்டக் கணக்கில் நட்டமாக வந்து நிற்கும். பத்திரம் ஒன்றுதான், ஆனால் கணக்கில் அதற்கு மூன்று இடம்.

முதல் இடத்தைக் கவனியுங்கள். 100 என்று எழுதிய வங்கி பொய் சொல்லவில்லை. அதன் நியாய மதிப்பு 86 என்பதை நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் அது சொல்லியாக வேண்டும். அந்தக் குறிப்பைப் படிப்பவர்கள்தான் குறைவு.

படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 மார்ச்சில் உலகம் பார்த்தது. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, முதிர்வு வரை வைத்திருப்பதாக வகைப்படுத்திய பத்திரங்களை 2022 முடிவில் சுமார் 9,130 கோடி டாலர் என்று காட்டியிருந்தது. அவற்றின் நியாய மதிப்பு சுமார் 7,620 கோடி டாலர்தான். வித்தியாசம் 1,500 கோடி டாலருக்கு மேல். அந்த வங்கியின் மொத்தச் சொந்த மூலதனமே சுமார் 1,600 கோடி. இவை எல்லாம் அதன் ஆண்டறிக்கையில் அச்சாகியிருந்த எண்கள். மார்ச் 8-ஆம் தேதி, விற்பதற்கென வைத்திருந்த வேறு பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நட்டம் என்று வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வைப்புத்தொகை வெளியேறியது. 10-ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. முதிர்வு வரை வைத்திருப்போம் என்ற நோக்கம், வைப்பாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்காத வரைக்கும்தான் செல்லும். "யாரோ சொன்ன விலையை இவள் சரிபார்ப்பாளாம்" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வந்தது.

இனி, அந்த 86-ஐக் கண்டுபிடிப்பது. அளவிடும் நாளில், சந்தையில் இருப்பவர்களிடையே முறையாக நடக்கும் பரிமாற்றத்தில் ஒரு சொத்தை விற்றால் என்ன கிடைக்குமோ அதுவே நியாய மதிப்பு என்கிறது 2011-இல் வெளியாகி 2013 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 13. வாங்கிய விலை அதற்கு ஒரு பொருட்டல்ல. கழுத்தில் கத்தி வைத்த நிலையில் விற்கும் விலையும் அது அல்ல. "எங்கள் கணக்குப்படி இது இன்னும் அதிகம் பெறும்" என்ற வங்கியின் சொந்த நம்பிக்கைக்கும் அதில் இடமில்லை. சந்தையில் நிற்கும் வேறொருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த விலைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதை வைத்து மூன்று லெவல்களாகப் பிரிக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கியல் தரநிலை 2006-இல் கொண்டுவந்த முறை இது. அதே பொருளுக்குச் சுறுசுறுப்பான சந்தையில் விலை இருந்தால் லெவல் 1. அந்தப் பொருளுக்கு நேரடி விலை இல்லை, ஆனால் கணக்கிடத் தேவையான வட்டி விகிதமும் ஒத்த பொருள்களின் விலையும் சந்தையில் பார்க்கக் கிடைக்கின்றன என்றால் லெவல் 2. நிலையான வட்டியை மாறும் வட்டிக்கு மாற்றிக்கொள்ளும் சாதாரண வட்டி ஸ்வாப்கள் பெரும்பாலும் இங்கே வரும். கணக்குக்குத் தேவையான முக்கியமான ஓர் உள்ளீடாவது சந்தையில் பார்க்கக் கிடைக்காமல், வங்கியே ஊகித்துப் போட வேண்டியிருந்தால் லெவல் 3. விலையைக் கணக்கிடும் மாடலில் பத்து உள்ளீடுகளுக்குச் சந்தை ஆதாரம் இருந்தாலும், விலையைப் பெரிதாக அசைக்கும் ஒன்றுக்கு இல்லையென்றால் முழுப் பொருளும் லெவல் 3-க்குப் போய்விடும்.

இங்கே மாணவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள், நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி சறுக்கும் இடமும் இதுதான். லெவல் 1 பாதுகாப்பானது, லெவல் 3 ஆபத்தானது என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். ஒரே நாளில் பாதியாகச் சரியக்கூடிய பங்கும் லெவல் 1-தான். தவறாமல் தவணை வரும் நல்ல கடனின் நியாய மதிப்பைக் குறிப்பில் வெளியிடும்போது அது பெரும்பாலும் லெவல் 3 என்றே வரும். லெவல் சொல்வது ஆபத்தின் அளவை அல்ல, அந்த எண் நமக்கு எப்படித் தெரியும் என்பதை. உங்கள் மகளிடம் இதை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தன் சொற்களில் விளக்க முடிந்தால் அவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

அவருடைய அன்றாட வேலைக்கு வருகிறேன். வங்கிக்காக வாங்கி விற்கும் டிரேடர் தன் கையிலிருக்கும் பொருளுக்கு ஒரு விலை குறிப்பார். அதற்கு மார்க் என்று பெயர். அந்த விலையில்தான் அவருடைய லாபமும் ஆண்டு முடிவில் அவருடைய போனஸும் இருக்கின்றன. ஆகவே அவரோடு சம்பந்தமில்லாத ஒரு குழு, வேறு வழிகளில் விலை திரட்டி ஒப்பிட வேண்டும். சுயேச்சை விலைச் சரிபார்ப்பு என்பது இதுதான். தரகர்களிடம் விலை கேட்பது, விலைத் தகவல் நிறுவனங்களின் எண்களைப் பார்ப்பது, அண்மையில் நடந்த பரிமாற்றங்களைத் தேடுவது, எதுவுமே கிடைக்காவிட்டால் மாடலைப் பிரித்துப் போட்டு எந்த ஊகம் விலையைத் தூக்கி நிறுத்துகிறது என்று கண்டுபிடிப்பது. பிறகு தொலைபேசியை எடுத்து, தன்னைவிடப் பத்து வயது மூத்த, தன்னைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்கும் ஒரு டிரேடரிடம், "உங்கள் விலையை என்னால் ஏற்க முடியவில்லை, ஆதாரம் அனுப்புங்கள்" என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை எந்தக் கல்லூரியும் கற்றுத்தருவதில்லை.

2012-இல் ஜேபி மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் நடந்ததை இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கடன் டெரிவேட்டிவ்களில் 600 கோடி டாலருக்கு மேல் நட்டம். நட்டம் வளர்ந்துகொண்டிருந்த மாதங்களில், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் மார்க் போட்டு வந்தவர்கள் தங்களுக்குச் சாதகமான ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போனார்கள். ஒவ்வொரு மார்க்கையும் தனியாகப் பார்த்தால் அந்த இடைவெளிக்குள்தான் இருந்தது. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்ததுதான் பிரச்சினை. சரிபார்க்க வேண்டிய குழுவில் போதிய ஆள் இல்லை. முடிவில் முதல் காலாண்டு நிகர லாபத்தை 45.9 கோடி டாலர் குறைத்துத் திருத்தி வெளியிட்டார்கள். அமெரிக்க, பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகளுக்குச் சுமார் 92 கோடி டாலர் கட்டினார்கள். ஒரே பக்கச் சாய்வை மார்ச் மாதமே கண்டு குரல் கொடுக்க அந்தக் குழுவில் ஒருவர் இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

கம்ப்யூட்டர் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. லெவல் 1 விலைகளை எடுத்து ஒப்பிடும் வேலையைப் பெரும்பாலும் அதுதான் செய்கிறது, லெவல் 2-இலும் நிறையச் செய்கிறது. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளில் ஒப்பீட்டுப் பட்டியல் அனுப்புவதோடு நின்றுவிட்டால் மகளின் இடம் ஆட்டம் காணும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே லெவல் 3 பக்கம் நகரப் பார்க்க வேண்டும். சந்தையில் விலையே இல்லாத பொருளுக்கு எந்த ஊகம் நியாயம் என்று தீர்மானித்து, அதைத் தணிக்கையாளர் முன் நியாயப்படுத்துவதற்கு இன்னமும் ஒரு மனிதர் கையெழுத்துப் போடுகிறார்.

எம்பிஏ இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்தபின் அவரே விரும்பினால் படிக்கட்டும். அதற்குள் இடர் மேலாண்மைக்கான எஃப்ஆர்எம் தேர்வின் இரண்டு பகுதிகளையோ, முதலீட்டு ஆய்வுக்கான, மூன்று நிலைகள் கொண்ட சிஎஃப்ஏ தேர்வையோ எழுதலாம். கணிதம் கைவரும் என்றால் முதலாவது, நிறுவனங்களையும் கணக்கையும் படிக்கப் பிடித்தால் இரண்டாவது. இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்த இடத்தில் நான் ஒரு மாணவருக்குத் தவறான வழி காட்டியிருக்கிறேன். சான்றிதழ்கள் கதவைத் திறக்கும் என்று நம்பி, வரிசையாகத் தேர்வு எழுதச் சொன்னேன். எழுதித் தேறினார். நேர்முகத்தில், வட்டி ஏறினால் பத்திர விலை ஏன் இறங்குகிறது என்று விளக்கச் சொன்னபோது சூத்திரத்தை ஒப்பித்தாரே தவிர, வாங்குபவர் பக்கம் நின்று ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு வருகிற பிள்ளைகளை முதலில் ஆண்டறிக்கை படிக்கத்தான் அனுப்புகிறேன்.

உங்கள் மகளுக்கும் அதையே சொல்கிறேன். வேலையில் சேர இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன அல்லவா? ஐஎஃப்ஆர்எஸ் பின்பற்றும் ஒரு பெரிய வங்கியின் ஆண்டறிக்கையை அதன் இணையதளத்திலிருந்து எடுக்கட்டும். முதல் நூறு பக்கப் படங்களையும் தலைவர் உரையையும் தள்ளிவிட்டு, நியாய மதிப்பு பற்றிய குறிப்புக்கு நேரே போகட்டும். லெவல் 3 சொத்துகளின் தொடக்க இருப்பிலிருந்து இறுதி இருப்பு வரை ஒரு அட்டவணை இருக்கும். எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு விற்றார்கள், விற்காமலேயே எவ்வளவு லாபம் எழுதினார்கள், லெவல் 2-இலிருந்து எவ்வளவு இங்கே வந்து விழுந்தது என்று அதில் தெரியும். பக்கத்திலேயே, சந்தையில் காண முடியாத உள்ளீடுகளுக்கு வங்கி பயன்படுத்திய எண்கள் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று கொடுத்திருப்பார்கள். அந்த வீச்சு அகலமாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஊகத்தைக் கொஞ்சம் மாற்றினால் மதிப்பு எவ்வளவு மாறும் என்ற கணக்கும் இருக்கும். பிறகு அதே வங்கியின் முந்தைய ஆண்டு அறிக்கை, அதற்கும் முந்தையது. மூன்று ஆண்டுகளை வரிசையாக வைத்தால், எது மாறியது என்று தேட மனம் தானாகவே துடிக்க வேண்டும். துடிக்கவில்லை, அலுப்பாக இருக்கிறது என்றால் அதையும் என்னிடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அப்போது கடன் ஆய்வு, வாடிக்கையாளர் பிரிவு என்று வேறு வழி பார்க்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

மாத முடிவிலும் காலாண்டு முடிவிலும் அவர் வீடு திரும்ப நேரமாகும். அதற்கு நீங்கள் இப்போதே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

சம்மதக் கடிதம் அனுப்பும் முன் ஒரே ஒரு விஷயத்தை வங்கியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். இந்த மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் யாருக்குப் பதில் சொல்கிறார்? நிதிப் பிரிவுக்கோ இடர் பிரிவுக்கோ என்றால் சேரட்டும். டிரேடிங் பிரிவின் தலைவருக்கு என்று பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் அந்த வேலை வேண்டாம். எனக்கு எழுதுங்கள், அடுத்த இடத்தைச் சேர்ந்தே தேடுவோம்.