உச்சி வெயிலில் சோலார் நிற்கிறதா? பேட்டரி வாங்கும் முன் வோல்டேஜை அளந்து பாருங்கள்

கேள்வி: குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். மாடியில் 5 கிலோவாட் ஆன்-கிரிட் (ஈபி லைனோடு சேர்ந்து ஓடும்) சோலார், சிங்கிள் பேஸ். நல்ல வெயில் அடிக்கும் 11 மணியிலிருந்து 2 மணிக்குள் இன்வெர்ட்டர் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஒரு நிமிஷம் கழித்துத் தானாக ஓடும், மறுபடி நிற்கும். கரண்ட் போனாலும் சோலார் வேலை செய்வதில்லை. பேட்டரியும் அதோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வைத்தால் இரண்டும் சரியாகிவிடும் என்கிறார் சோலாரைப் பொருத்திக் கொடுத்தவர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இன்வெர்ட்டர் தனக்கு இட்ட விதிப்படிதான் நடக்கிறது. இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு.

கரண்ட் போனால் நிற்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. 2017 ஒக்கி புயலில் நம் மாவட்டமெங்கும் கம்பங்கள் சாய்ந்து கிடந்தது நினைவிருக்கும். லைன் செத்துவிட்டது என்று நம்பி ஆள் கம்பத்தில் ஏறும்போது, ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து கரண்ட் வந்தால் என்ன ஆகும்? அதனால்தான் கிரிட் இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் உடனே விலகிவிட வேண்டும் என்பது விதி. தவிர, ஆன்-கிரிட் இன்வெர்ட்டருக்குத் தனியாகத் தாளம் போடத் தெரியாது. ஈபி லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்து அதனோடு ஒட்டி ஓட மட்டுமே தெரியும்.

இனி ஓவர் வோல்டேஜ். மேலே சொன்ன 50 ஹெர்ட்ஸ் துடிப்பு, அதாவது பிரீக்வென்சி, நாடு முழுக்க ஒன்றுதான். 2013 டிசம்பர் 31-இல் தென் மாநில கிரிட்டும் மற்றவற்றோடு இணைந்தபின் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே துடிப்பு. வோல்டேஜ் அப்படியில்லை, அது உங்கள் தெரு விவகாரம். ‘ஆரல்வாய்மொழி காற்றாலைதான் வோல்டேஜை ஏற்றுகிறது’ என்று சிலர் சொல்வார்கள். காற்றாலைகள் உயர் அழுத்த லைனில் சேர்கின்றன, நடுவில் துணைமின் நிலையங்கள் வோல்டேஜைச் சரிசெய்துவிடும். காற்றாலையை விட்டுவிட்டு உங்கள் வீட்டு வயரைப் பாருங்கள்.

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும். உங்கள் மின்சாரம் தெருவுக்குப் போக வேண்டுமானால் இன்வெர்ட்டர் முனையின் வோல்டேஜ் தெருவைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை வயரின் தடை தீர்மானிக்கும். 5 கிலோவாட் என்றால் சுமார் 20 ஆம்ப்ஸ். மாடியிலிருந்து மீட்டர் வரை 35 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்று வைத்துக்கொள்வோம். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தால் 70 மீட்டர். அதிலேயே சுமார் 6.5 வோல்ட் ஏறிவிடும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் 2.5 வோல்ட்தான். 230 வோல்ட்டில் 110 சதவீதம், அதாவது 253-ஐத் தாண்டினால் 2 விநாடிக்குள் விலக வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதி. மீட்டரில் 248 இருக்கும் மதிய நேரத்தில் மெல்லிய வயர் உங்களை 254-க்குத் தள்ளிவிடும். நின்றதும் வோல்டேஜ் இறங்கும், 60 விநாடி பொறுத்து மறுபடி ஓடும், மறுபடி ஏறும். நீங்கள் பார்க்கும் கண்ணாமூச்சி இதுதான்.

ஆக முதல் வேலை, மதியம் 12 மணிக்கு எலக்ட்ரீஷியனை வைத்து ஒரே நேரத்தில் மீட்டர் முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் அளப்பது. வித்தியாசம் 4, 5 வோல்ட் இருந்தால் குற்றவாளி உங்கள் வயரும் அதன் ஜாயிண்ட்டும். தடிமனான வயர் போடுங்கள், செலவு பேட்டரியின் கால்தூசிக்கு வராது. மீட்டரிலேயே 250-க்கு மேல் நின்றால் ஈபி அலுவலகத்தில் அளவுகளோடு எழுதிக் கொடுங்கள். உங்கள் சர்வீஸை வேறு பேஸுக்கு மாற்றலாம். வோல்டேஜைப் படிப்படியாக மாற்றும் ‘டாப்’ வசதி உள்ள டிரான்ஸ்பார்மர் என்றால் ஒரு படி இறக்கலாம். இரவிலும் வோல்டேஜ் தாறுமாறாக ஆடி, ஒரு வீட்டில் விளக்கு மங்கி அடுத்த வீட்டில் பளிச்சென்று எரிந்தால் அது சோலார் விஷயமே அல்ல. நியூட்ரல் தளர்ந்திருக்கிறது, அன்றைக்கே புகார் செய்யுங்கள். உப்புக்காற்று அடிக்கும் நம் கரையோரத்தில் இது நடக்கக்கூடியதே.

செட்டிங்கில் செய்யக்கூடியதும் உண்டு. ‘வோல்ட்-வாட்’ என்ற வசதி இருந்தால் போடச் சொல்லுங்கள். வரம்பை நெருங்க நெருங்க உற்பத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். மொத்தமும் போவதற்குப் பதில் சிறிது மட்டும் போகும். ரியாக்டிவ் பவரை (வேலை எதுவும் செய்யாமல் லைனில் போய்வரும் மின்சாரம்) வைத்துச் சரிக்கட்டும் ‘வோல்ட்-வார்’ முறையும் உண்டு. ஆனால் தெரு லைனில் வயரின் தடையான ரெசிஸ்டன்ஸ்தான் அதிகம், காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பான ரியாக்டன்ஸ் குறைவு என்பதால் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. வோல்டேஜ் சற்று மாறினாலே அது பெரிதாக எதிர்வினை செய்யும்படி வைத்தால் பக்கத்து இன்வெர்ட்டர்களோடு சேர்ந்து வோல்டேஜ் ஊசலாடவும் வாய்ப்புண்டு. கட்டுப்பாட்டுப் பொறியியலில் இதற்கென்றே ஆய்வுகள் நடக்கின்றன. ‘வரம்பை 265-க்கு ஏற்றி வைத்துவிடுகிறேன்’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விதிமீறல் ஒரு பக்கம், அந்த வோல்டேஜ் உங்கள் பிரிட்ஜுக்கும் போகும்.

பேட்டரிக்கு வருவோம். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பெர்ரோ பாஸ்பேட் பேட்டரி 5.12 யூனிட் கொள்ளும். சாதாரணமாக ‘முதலில் பேட்டரி, மீதி கிரிட்டுக்கு’ என்றுதான் வைத்துத் தருவார்கள். நல்ல வெயில் நாளில் அது 11 மணிக்கு முன்பே நிரம்பிவிடும். சரியாக வோல்டேஜ் ஏறும் நேரத்தில் பேட்டரியில் இடமிருக்காது! ஓவர் வோல்டேஜுக்காக வாங்குவதானால் சார்ஜிங்கை 11 மணிக்கு மேல் தொடங்கும்படி நேரம் வைக்க முடியுமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். கிணற்று மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் மதியம் ஓட்டினாலே பாதி வேலை முடியும், அதற்குக் காசு வேண்டாம்.

கரண்ட் கட்டுக்காக என்றால் பேட்டரியோடு ஹைபிரிட் நியாயமான செலவுதான். அதிலும் பழைய ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை வீசிவிடத் தேவையில்லாத வழி ஒன்று உண்டு. கட் நேரத்தில் ஹைபிரிட் தானே வீட்டுக்குள் 50 ஹெர்ட்ஸ் அலையை உருவாக்கும், பழைய இன்வெர்ட்டர் அதனோடு ஒட்டி ஓடும். பேட்டரி நிரம்பியதும் ஹைபிரிட் பிரீக்வென்சியை 50.5-க்கு மேல் உயர்த்தும், வரம்பைத் தாண்டியதால் பழையது விலகிக்கொள்ளும். சேதி சொல்ல இரண்டுக்கும் நடுவே தனிக் கம்பியும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். இதுபோல பிரீக்வென்சியை வைத்தே இன்வெர்ட்டர்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் முறையை 1993-இல் விளக்கிய ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் முகுல் சந்தோர்க்கர், பின்னாளில் ஐஐடி பம்பாய் பேராசிரியர். உங்கள் இரண்டு மாடல்களும் இதற்கு ஒத்துவருமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பின் ஒன்று: இந்த வகை செல்லில் 20 முதல் 80 சதவீதம் வரை வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால் மிச்சம் எவ்வளவு என்பதை, பேட்டரியைக் கவனித்துக்கொள்ளும் சர்க்யூட்டான பிஎம்எஸ், போன கரண்டையும் வந்த கரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் ஊகிக்கிறது. நாளாக நாளாகக் கணக்கு பிசகும், 40 காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். அவ்வப்போது முழுதாக 100 வரை ஏற விடுங்கள், கணக்கு நேராகும். மாடியில் தகரக் கூரைக்கடியில் மட்டும் வைக்காதீர்கள்.