ஒரே வயர் போதும் என்றார்கள், படமே வரவில்லை: காசைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சியில் இருந்து நீர்ப்பாசன வாய்க்கால்களுக்கு வரைபடம் வரைந்து கொடுக்கிறேன். துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான் என்று கிழமையில் மூன்று நாள் பஸ்ஸில் அலைய வேண்டும். மடிக்கணினியோடு கொண்டு திரிவதற்கு, பேஸ்புக் விளம்பரம் பார்த்துக் கொழும்புக் கடை ஒன்றில் பாரம் குறைந்த மொனிட்டர் ஒன்றை 58,000 ரூபாவுக்கு வாங்கினேன். "600 கிராம், 4கே திரை, ஒரே டைப்-சி வயர் போதும்" என்று விளம்பரத்தில் இருந்தது. வாங்க முதல் என் மடிக்கணினியின் மொடல் இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டேன். "ஓம் அக்கா, வேலை செய்யும்" என்றார்கள். கொறியர்காரர் காசை வாங்கிய பிறகுதான் பெட்டியைத் தந்தார். திறந்து பார்த்தால் ஒரு வயரில் படம் வரவில்லை. திரை 4கே இல்லை, 1080தான். உறையோடு ஒரு கிலோவுக்கு மேல் நிற்கிறது. மறுநாளே அறிவித்தேன். முதலில் "உங்கள் கணினியில்தான் பிழை, விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது என்று பில்லிலேயே அடித்திருக்கிறது" என்றார்கள். பிறகு "அடுத்த சரக்கு வரட்டும், மாற்றித் தருகிறோம்" என்கிறார்கள். ஒன்பது கிழமை ஆகிவிட்டது. இப்போதைக்கு எச்டிஎம்ஐ வயர் போட்டுப் பாவிக்கிறேன். வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், அந்த அரச அதிகார சபையிடம் முறைப்பாடு செய்வதற்குக் காலக்கெடு 3 மாதம். உங்களுக்கு இன்னும் நாலு கிழமைதான் மிச்சம் இருக்கிறது. "அடுத்த சரக்கு வரட்டும்" என்ற பேச்சை நம்பி இருந்தால் அந்த நாலு கிழமையும் போய்விடும். கடைக்காரர் உண்மையாகவே மாற்றித் தர நினைத்திருக்கலாம். அப்படி இருந்தாலும் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இரண்டாவது, அந்த மொனிட்டரைப் பாவிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கொறியர்காரரிடம் காசு கொடுத்ததால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, பார்க்காமல் வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை அதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது. மறுநாளே அறிவித்தது மிகச் சரியான காரியம். ஆனால் "வேண்டாம்" என்று சொன்ன பொருளை ஒன்பது கிழமை பாவித்தால், நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டதாகக் கடைக்காரர் வாதாட இடம் கிடைக்கும். அந்த வாதம் எடுபட்டால் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கும் உரிமை போய், நட்டஈடு கேட்கும் உரிமைதான் மிஞ்சும். உறையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். வேலைக்குக் கஷ்டம்தான், தெரியும்.

இனி உங்கள் மூன்று குறைகளுக்கு வருவோம். சட்டத்தின் முன் மூன்றுக்கும் ஒரே எடை இல்லை.

4கே விடயம்தான் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம். 4கே திரையில் 3840க்கு 2160 புள்ளிகள் இருக்க வேண்டும். உங்களுடையதில் இருப்பது 1920க்கு 1080, அதாவது நாலில் ஒரு பங்கு. சில மொனிட்டர்கள் 4கே சமிக்ஞையை உள்வாங்கி, அதைச் சுருக்கி 1080 திரையில் காட்டும். அதை வைத்து "4கே சப்போட்" என்று எழுதுவார்கள். உங்கள் விளம்பரத்தில் "4கே திரை" என்றே இருந்தால் அந்தச் சாட்டுக்கு இடமில்லை. விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்போடு ஒத்திருக்க வேண்டும் என்பது கட்டளைச் சட்டத்தின் நிபந்தனை. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதை 2003ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. பின்பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள மொடல் இலக்கத்தைப் படம் எடுத்து, தயாரிப்பாளர் வெளியிட்ட விபரத்தோடு சேர்த்து வையுங்கள்.

ஒரே வயர் விடயம் கொஞ்சம் நுணுக்கமானது. டைப்-சி துவாரம் எல்லாம் வெளியில் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே அப்படி இல்லை. சிலது சார்ஜும் தரவும் மட்டும் கடத்தும். படம் போக வேண்டுமானால் டிஸ்ப்ளே போர்ட் வசதி அந்தத் துவாரத்தில் இருக்க வேண்டும். ஆகவே "உங்கள் கணினியில்தான் பிழை" என்பது தொழில்நுட்ப ரீதியில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். நீங்கள் மொடல் இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டீர்கள், அவர் "ஓம்" என்றார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தக் குறையை நான் எழுத வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லி "அதுதான் வேண்டும்" என்று வாங்கினால் இந்தப் பாதுகாப்புக் கிடைக்காது. அதனால் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டீர்களா, அவர்கள் காட்டியதை எடுத்தீர்களா என்று பழைய செய்திகளை ஒருமுறை வாசியுங்கள்.

பாரத்தை நம்பிப் போக வேண்டாம். 15.6 அங்குலத் திரைகள் பெரும்பாலும் உறை இல்லாமல் 700 முதல் 900 கிராம் வரை நிற்கும். விளம்பரங்களில் போடுவது வெறும் திரையின் பாரம். நிறுத்தி வைக்க உதவும் காந்த உறையே இன்னும் சில நூறு கிராம் வரும். பலசரக்குக் கடையின் டிஜிட்டல் தராசில் உறையைக் கழற்றி வைத்து, இலக்கம் தெரியப் படம் எடுங்கள். வெறும் திரையே 600ஐத் தாண்டினால் எழுதுங்கள். தாண்டாவிட்டால் விட்டுவிடுங்கள். நிற்காத குறை ஒன்றைச் சேர்த்தால் நிற்கும் குறைகளின் பலமும் குறையும்.

பில்லில் அடித்த வசனத்துக்குப் பயப்பட வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இப்படியான வசனங்களுக்குக் கடிவாளம் போடுகிறது. நீங்கள் தொழிலுக்கு வாங்கியதால் "இவர் சாதாரணப் பாவனையாளர் இல்லை" என்று அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வாதம் வரலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தச் சிக்கல் இல்லை. வியாபாரி ஒருவர் காசுக்குக் கொடுக்கும் பொருளைப் பாவிக்கும் எவரும் அதில் பாவனையாளர்தான். அதிகார சபை வழியே போங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றக் காரணம் செலவு. பொருளும் காசும் கைமாறியது கிளிநொச்சியில் என்பதால் இங்குள்ள நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர வாதம் உண்டு. ஆனால் 58,000 ரூபாவுக்காகத் தவணை தவணையாக ஏறி இறங்குவது உங்கள் நாட்சம்பளத்தைத் தின்றுவிடும். அதிகார சபை விசாரித்து, பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கட்டவோ கட்டளையிடலாம். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. கடிதம் எழுதக் கஷ்டமாக இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். கொழும்புக் கடை என்பதற்காக ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுத ஆள் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். அரச நிறுவனத்தோடு தமிழில் தொடர்புகொள்வது அரசியலமைப்பு தந்த உரிமை. விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும், பில், கொறியர் துண்டு எல்லாவற்றின் பிரதியையும் இணையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி வாட்ஸ்அப் செய்தியும் சான்றாகும். விளம்பரத்தை இன்றைக்கே திகதி தெரியப் படம் பிடியுங்கள். என்னிடம் வந்த ஒருவரின் விடயத்தில், முறைப்பாடு போன மறுநாளே விளம்பரம் காணாமல் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

காசு திரும்பக் கிடைத்தால் அடுத்ததை எப்படித் தெரிவது என்றும் யோசிப்பீர்கள். உங்கள் வேலைக்கு 4கே தேவையே இல்லை என்பது என் எண்ணம். 14 அங்குலத்தில் 1080 திரை போதும், பாரமும் குறையும், மடிக்கணினியின் பற்றரியும் கூட நேரம் நிற்கும். திரைக்கான மின்சாரம் அந்தப் பற்றரியில் இருந்துதானே போகிறது. வெளிச்சத்தைக் கவனியுங்கள். கமக்கார அமைப்புக் கூட்டத்தில் மர நிழலில் வரைபடம் காட்டுவதானால் வழக்கமான 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) போதாது, 400க்குக் குறையாமல் கேளுங்கள். உறையோடு எத்தனை கிராம், திரையின் சொந்தப் புள்ளி எத்தனை, என் மொடலுக்கு ஒரு வயரில் படம் வருமா, வராவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு காசை அனுப்புங்கள். போனில் சொன்னால், "நீங்கள் சொன்னபடி" என்று நீங்களே வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் இந்தக் கிழமையே அனுப்புங்கள். ஒரு பிரதியைக் கடைக்கும் அனுப்பி, மொனிட்டரைத் திருப்பித் தரத் தயார் என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தபால் பற்றுச்சீட்டு இரண்டையும் பில்லோடு பின் பண்ணி வையுங்கள்.