"எளைச்சுப் போயிட்டியே, என்ன நோய்?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்ல?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. ரங்கூனில் கணவர், மகள், மாமியாருடன் இருக்கிறேன். உயரம் 155 சென்டிமீட்டர். போன வருஷக் கடைசியில் ரத்தம் பார்த்தபோது சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. அன்றிலிருந்து சோற்றைப் பாதியாக்கி, காயும் பயறும் கூட்டிக்கொண்டேன். டின் பால் ஊற்றிய டீயை விட்டுவிட்டேன். 64 கிலோவிலிருந்து 58க்கு வந்துவிட்டேன். முன்பு "வலாடெ" (குண்டாயிட்டே) என்று சொன்ன ஆபீஸ்காரர்களே இப்போது "பெயின்த்வாடெ" (எளைச்சுட்டே) என்கிறார்கள். கோயிலில் பார்க்கிறவர்கள் என்ன நோய் என்கிறார்கள். மாமியார், "இப்படிக் கோழி கொறிக்கிற மாதிரி சாப்பிட்டா, எம்மவன் வீட்டுல சோறு போடலன்னு ஊரு பேசும்" என்கிறார். 11 வயது மகள் நேற்று, "நானும் குண்டாம்மா?" என்று கேட்டாள். எல்லாருக்கும் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது. என்ன செய்யட்டும்?
(ஒரு வாசகி, ரங்கூன்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் மாமியார் சொன்ன அந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது. பெரியவர்களில் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய ஆள் அவர் ஒருவர்தான். மகளைத் தவிர மற்ற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எளைத்துப் போகவில்லை. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குச் சர்க்கரை, இதய நோய் ஆபத்து குறைந்த எடையிலேயே கூடத் தொடங்குகிறது. உங்கள் உயரத்துக்கு அந்த எல்லை 55 கிலோ அளவில் வருகிறது. 58ல் இருக்கிற உங்களைப் பார்த்து ஊர் எலும்பும் தோலும் என்கிறது! அந்த மூன்று மாதச் சராசரி 5.7க்கும் 6.4க்கும் நடுவே இருந்தால் அது சர்க்கரைக்கு முந்தைய கட்டம். அந்தக் கட்டத்தில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2002ல் வெளியானது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது, இந்த இரண்டையும் குறியாக வைத்தவர்களிடம் சுமார் மூன்று வருஷத்தில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் 6 கிலோ அந்த 7 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் பட்ட பாடு வீண் இல்லை. ஆனால் சாப்பாட்டில் எதையும் மாற்றாமலே இன்னும் எடை இறங்கினாலோ, தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்து வந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.

சரி, மாமியாருக்கு வருவோம். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அன்பு கரண்டி வழியாகத்தான் வரும். எனக்கும் இது நடந்தது. ஒரு விசேஷத்தில், "போதும் சித்தி" என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்தேன். சூடான சோறு என் புறங்கையிலேயே விழுந்தது. சித்தி முகம் வாடிவிட்டது. எனக்குக் கை எரிந்ததைவிட அந்த முகம்தான் வலித்தது. அவர் சமைத்ததையே நான் தள்ளிவிட்டதாக எடுத்துக்கொண்டார். உங்கள் அத்தையும் அப்படித்தான் நினைக்கிறார் என்று தோன்றுகிறது. மருமகள் எளைத்தால் பழி தன் சமையல்கட்டு மேல் வரும் என்று பயப்படுகிறார்.

அதனால் வேண்டாம் என்று சொல்வதைக் குறைத்து, வேண்டும் என்பதைக் கேளுங்கள். "அத்தை, உங்க கையால கொண்டைக்கடலைக் குழம்பு வையுங்க, முருங்கைக்கீரை வதக்குங்க" என்று கேட்டுப் பாருங்கள். உளுந்தும் துவரையும் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போகிற நாடு இது. பயறுக்கு நமக்கு என்ன பஞ்சம்? காலையில் கடையில் வாங்கும் வேகவைத்த பெப்யோ பயறு ஒரு கிண்ணம் போதும், பசி தாங்கும். மொஹிங்காவின் நூடுல்ஸும் தோசையும் அரிசிதான், அதை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் தட்டில் சோற்றை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குழம்பையும் கீரையையும் அத்தை தாராளமாகப் போடட்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். அந்த 6.2ஐ அவர் காதால் கேட்கட்டும். அப்புறம் கோயிலில் யாராவது கேட்டால், "டாக்டர் சொன்னாரு, நான்தான் பார்த்துச் சமைச்சுப் போடுறேன்" என்று அவரே சொல்வார். அதற்கு மேல் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆபீஸ்காரர்களைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். பர்மியர் "வலாடெ", "பெயின்த்வாடெ" என்பது பெரும்பாலும் "தமின் சா பீபீலா" (சாப்பிட்டாச்சா) என்று கேட்கிற மாதிரிதான். பார்த்ததைச் சொல்கிறார்கள். "ஹொடெ" (ஆமாம்) என்று சிரித்துவிட்டு வேலைப் பேச்சுக்குப் போய்விடுங்கள். என்ன நோய் என்று துருவுகிறவர்களுக்கு, "நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க?" என்ற ஒரே பதில் போதும். மூன்று தடவை கேட்டாலும் அதையே சொல்லுங்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவை ஊருக்குக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. டீக்கடையில் மேசை மேல் ப்ளாஸ்க்கில் வெறும் தேத்தண்ணீர் இருக்கிறதே, காசில்லாமல், அதை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். கையில் கப் இருந்தால் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை போகிறது. அதை விட்டது நல்ல காரியம்.

மகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அவள் காதில் குண்டு, ஒல்லி என்ற வார்த்தைகளே விழக் கூடாது. வீட்டில் அவள் எதிரே தராசில் ஏறாதீர்கள், கிலோக் கணக்குப் பேசாதீர்கள். "அம்மாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கு, அதனால அம்மா சாப்பாட்டை மாத்தியிருக்கேன். நீ வளர்ற பிள்ளை, வயிறு நிறையச் சாப்பிடு" என்று இன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவள் உடம்பைப் பற்றி யார் பேசினாலும், பெரியவரே ஆனாலும், "அவகிட்ட இதப் பேசாதீங்க" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். உங்களைப் பற்றிய பேச்சைச் சிரித்துத் தள்ளலாம். இதைத் தள்ளாதீர்கள்.

அடுத்த பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். அத்தை வைத்த கொண்டைக்கடலைக் குழம்பு எப்படி இருந்தது என்றும் சேர்த்து எழுதுங்கள்.