மகனின் மார்பு வீக்கமும் வகுப்பறைக் கேலியும்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. விளையாட்டு வகுப்பு இருக்கிற நாட்களில் மட்டும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான். எவ்வளவு வியர்த்தாலும் சட்டைக்குள் இரண்டு பனியன். மார்பு புடைத்திருப்பதால் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களாம். அவன் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. அவனிடம் எப்படிப் பேசுவது?

பதில்: முதலில் அவன் உடம்பைப் பற்றிப் பேசுங்கள். கேலி செய்பவர்கள் கதை அப்புறம். 'யார் அது, பேரைச் சொல்' என்று ஆரம்பித்தால் வாயைத் திறக்க மாட்டான். அவர்கள் சொல்வது உண்மையோ, தனக்கு ஏதோ கோளாறோ என்ற பயம்தான் அந்த வயதில் பெரிது.

இது பெரும்பாலும் கைனகோமாஸ்டியாவாக, அதாவது ஆண்களுக்கு மார்புத் திசு வளர்வதாக இருக்கும். பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜன் ஆண் உடலிலும் சுரக்கிறது. பருவ வயதில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழு அளவுக்கு ஏறும்வரை இரண்டின் விகிதம் கொஞ்ச காலம் மாறிவிடும். அதனால் காம்புக்கு அடியில் பட்டன் மாதிரி கெட்டியாக வளரும், தொட்டால் வலிக்கும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் வரும். பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருவதுதான். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானாக வடிந்துவிடும். வேகமாகப் பெரிதானாலோ, காம்பில் நீர் கசிந்தாலோ, விரையில் கட்டி தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இவை இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டுவது நல்லது. நாம் சொல்லி நம்பாததை மருத்துவர் சொன்னால் நம்புவான்.

எதிரே உட்காரவைத்துப் பேச வேண்டாம். வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ, "உன் வயசுல நிறைய பையன்களுக்கு மார்பு கொஞ்சம் வீங்கும், வலிக்கவும் செய்யும். உனக்கு அப்படி இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள், சில நாள் கழித்து மறுபடி கேட்கலாம். தங்கையைக் காட்டிக்கொடுக்காதீர்கள். 'கண்டுக்காதே', 'ஆம்பளப் பையன் இதுக்கெல்லாமா?', 'உடம்பைக் குறை' ஆகிய மூன்றும் அவன் காதில் கேலியின் தொடர்ச்சியாகவே விழும்.

வெறும் வாய்ப்பேச்சு என்றால், அவனைக் கேட்டுக்கொண்டு வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். சட்டையை இழுப்பது, மார்பைத் தொடுவது, படம் எடுப்பது என்று போயிருந்தால் அது பாலியல் சீண்டல். அவன் வேண்டாம் என்றாலும், காரணத்தை அவனிடம் சொல்லிவிட்டு அன்றே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அந்தப் படத்தை ஆதாரத்துக்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள்.

விளையாட்டு வகுப்புக்கு விலக்குக் கடிதம் கொடுக்க வேண்டாம். அவன் தனியாக உடை மாற்றிக்கொள்ள ஓர் அறை கேளுங்கள்.