மார்ச் வேண்டாம், மே மாதம் போங்கள்

கேள்வி: கைபேசியில் இரண்டு காணொளிகள் பார்த்தேன். ஒன்றில், கொரியாவில் ஒரு குளத்தின் மேல் கயிறுகள் கட்டியிருக்கிறார்கள். அவற்றிலிருந்து தீப்பொறி மழையாகக் கொட்டுகிறது. இன்னொன்றில் ஒரு குன்றே எரிகிறது. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் சொக்கப்பனை பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு முறையாவது அங்கே போய் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கணவர், ஆறாம் வகுப்பு முடிக்கப்போகும் மகன், 68 வயதாகும் அத்தை (மாமியார்) என நான்கு பேர் போகிறோம். அத்தை சுத்த சைவம்; பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார். முட்டி வலியும் உண்டு. மார்ச்சில் போனால் சரியாக இருக்கும் என்கிறார் டிராவல்ஸ்காரர். போகலாமா? பையன்மேல் பொறி விழுந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரி, டிராவல்ஸ்காரரிடம் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் மார்ச், ஜேஜு தீவின் காட்டுத்தீ விழாவுக்கான மாதம். நீங்கள் பார்த்த எரியும் குன்றின் பெயர் 'செப்யோல் ஓரும்'; அந்தத் தீவில்தான் இருக்கிறது. 519 மீட்டர் உயரம். மாடு மேய்க்கும் புல்வெளிகளில் காய்ந்த பழைய புல்லையும் பூச்சிகளையும் ஒழிக்க, குளிர்காலம் முடியும் சமயத்தில் தீ வைப்பது அந்தத் தீவு மக்களின் பழைய வழக்கம். 1997இல் அதை விழாவாக்கினார்கள். நீங்கள் பார்த்த காணொளி எத்தனை வருடப் பழையது என்று பாருங்கள். 2022இல் நாட்டின் கிழக்குக் கரையில் பெருங்காட்டுத்தீ பரவியதால் விழாவே ரத்தானது. 2023இல் விழா நடந்தும் குன்றுக்குத் தீ வைக்கவில்லை. 2024இல் விழா இல்லை. 2025இல் நிஜத் தீக்குப் பதிலாக ஒளிக்காட்சி ஏற்பாடு செய்தார்கள். பலத்த காற்று வீசி, அதிலும் ஒரு பகுதி நின்றுபோனது. எரியும் குன்றைப் பார்க்கவென்று நான்கு பேருக்கு டிக்கெட் போட்டுப் போய் ஏமாறாதீர்கள்.

இதற்காக அவர்கள்மேல் வருத்தப்படவும் முடியாது. 2009இல் சாங்னியோங் பக்கம் ஹ்வாவாங் மலையில் நாணற்புல்லுக்குத் தீ வைக்கும் விழாவில் காற்று திரும்பி ஏழு பேர் இறந்தார்கள். அந்த விழா அதோடு நின்றது. 2025 மார்ச்சில் வடக்கு க்யோங்சாங் மாகாணத்தில் பரவிய காட்டுத்தீயில், சில்லா அரசர்கள் காலத்திலிருந்து இருந்த கோஉன்சா புத்தர் கோயிலின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. கொரியாவில் வசந்தகாலத் தொடக்கம் என்றால் வறண்ட காற்றும் காய்ந்த சருகும்தான். அந்தப் பருவத்தில் எந்தத் தீ விழாவும் கடைசி நாளில்கூட ரத்தாகலாம்.

உங்கள் சொக்கப்பனைக்கு நெருக்கமானது என்றால் இன்னொன்று இருக்கிறது. கொரியச் சந்திர நாள்காட்டியில் முதல் மாதத்துப் பௌர்ணமி, அவர்கள் சொல்லில் தேபோரும். பைன் கிளை, வைக்கோல், மூங்கில் எல்லாம் வைத்துக் கூம்பாக ஒரு 'நிலா வீடு' கட்டுவார்கள். அதற்கு வாசல் விடுவது நிலா எழும் கிழக்குப் பக்கம். நிலா தலைகாட்டியதும் கொளுத்துவார்கள். மூங்கில் கணுக்கள் பட்பட்டென்று வெடிக்கும். கெட்டதெல்லாம் அந்தச் சத்தத்துக்கே ஓடிவிடும் என்பது நம்பிக்கை. வேண்டுதலைக் காகிதத்தில் எழுதி அதில் கட்டிவிடுவதும் உண்டு. பூசானின் கடற்கரையிலேயே இது நடக்கும். நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் போவதாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அது பிப்ரவரி அல்லது மார்ச் முதல் வாரத்தில் வரும். பையனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்; கடற்கரைக் குளிர் எலும்பைத் தொடும்; அத்தையின் முட்டி பாடாய்ப்படும்.

ஆக, நீங்கள் பார்த்த முதல் காணொளிக்கு வருகிறேன். அது 'நாக்வா நோரி'. எந்தச் சீன எழுத்தில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து 'நாக்வா' என்பது உதிரும் தீ, உதிரும் பூ இரண்டையும் குறிக்கும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தெற்கு க்யோங்சாங் மாகாணத்தில் ஹாமான் என்ற சிற்றூர்ப்பகுதி. அங்கே முஜின்ஜோங் என்ற பழைய மண்டபம். மண்டபத்தின் முன்னே குளம். ஓக் மரக்கரியைப் பொடித்து, ஹான்ஜி என்னும் கைக்காகிதத்தில் சுருட்டி, முறுக்கித் திரியாக்குகிறார்கள். அப்படி ஆயிரக்கணக்கான திரிகளைக் குளத்தின் குறுக்கே கட்டிய கயிறுகளில் தொங்கவிடுகிறார்கள். மாலையில் வெள்ளை உடை அணிந்தவர்கள் தெப்பத்தில் போய் ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார்கள்.

இதில் வெடிமருந்து கிடையாது. பட்டாசில் இருக்கும் வெடியுப்பே பிராணவாயுவைத் தருவதால் மருந்து ஒரு நொடியில் எரிந்து முடிகிறது. இங்கே கரித்தூள் காற்றை நம்பித்தான் கனிய வேண்டும். அதனால் திரி மெதுவாகவே எரியும், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். காற்று இல்லாதபோது பொறி நூல் பிடித்தாற்போல நேராக இறங்கும். சட்டென்று ஒரு காற்று வந்தால், கொல்லன் துருத்தி ஊதியதுபோல எல்லாத் திரிகளும் ஒரே நேரத்தில் சிவந்து, குளம் முழுக்கப் பொறி சிதறும். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழும். மற்ற நேரமெல்லாம் அமைதிதான். சத்தம் ஆகாத வயதானவர்களுக்கு இதைவிட நல்ல தீ விழா எனக்குத் தெரியவில்லை.

ஹாமானில் இது ஜோசன் அரசர்கள் காலத்து வழக்கம். ஜப்பானியர் ஆட்சியில் நின்றுபோய், 1980களில் ஊர்க்காரர்களே மீட்டெடுத்தார்கள். 2008இல் மாகாண அரசு இதை மரபுச் சொத்தாக அறிவித்தது.

நாள் பார்ப்பதில் நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஹாமானில் இது புத்தர் பிறந்த நாளையொட்டி நடக்கிறது. நாம் அறிந்த வைகாசிப் பௌர்ணமி அல்ல. கொரியாவில் புத்தர் பிறந்த நாள் என்பது நான்காம் மாதத்து வளர்பிறை எட்டாம் நாள். ஆங்கிலத் தேதியில் ஆண்டுதோறும் நகரும்: 2025இல் மே 5, 2026இல் மே 24, 2027இல் மே 13. பையனின் கோடை விடுமுறைக்குள் வந்துவிடுகிறது, பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹாமான் மாவட்டத்தின் மக்கள்தொகை 60,000 அளவில்தான். 2023இல் அந்த ஒரே நாளில் சுமார் 50,000 பேர் வந்து சேர்ந்தார்கள். சாலைகள் அடைத்துக்கொண்டன, பலர் குளத்தைப் பார்க்காமலே திரும்பினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து முன்பதிவு முறை வந்துவிட்டது. கொரியத் தளங்கள் பலவும் அந்நாட்டுக் கைபேசி எண்ணைக் கேட்கும் என்பதால், வெளிநாட்டவருக்கான இடத்தோடு பேருந்தும் சேர்த்துத் தரும் பயண ஏற்பாட்டாளரைப் பிடிப்பதுதான் வழி. உங்கள் டிராவல்ஸ்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: "ஹாமானில் நான்கு பேருக்கு இடம் உறுதியா?" உறுதிச்சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இடம் கிடைக்காவிட்டாலும் அந்த வாரத்தில் போவதையே நான் விரும்புவேன். புத்தர் பிறந்த நாளுக்கு முன்னால் வரும் ஒரு வார இறுதியில் சியோலில் யோன்துங்ஹ்வே என்ற விளக்குத் திருவிழா நடக்கும். 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தோங்தேமுன் பக்கமிருந்து ஜோக்யேசா கோயில் வரை, ஆளுக்கொரு காகித விளக்கேந்தி ஊர்வலம் வரும். நடைபாதையில் உட்கார்ந்தே பார்க்கலாம், டிக்கெட் வேண்டாம். பிறந்த நாளன்று எந்தப் புத்தர் கோயிலுக்குப் போனாலும், வந்தவர்களுக்கெல்லாம் பிபிம்பாப் கொடுப்பது வழக்கம்: சோறு, வதக்கிய காய், கீரை. கோயில் சமையலில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. அத்தை கவலையில்லாமல் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நாள் அது.

மற்ற நாட்களில்தான் கவனம் தேவை. கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயில் நெத்திலி அல்லது இறால் சேர்த்து ஊறவைத்த சாறு இருக்கும். காய்கறி சூப் என்று நினைப்பதன் கொதிநீரே நெத்திலி வேகவைத்ததாக இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். இறைச்சி, மீன், இறால், நெத்திலி, பூண்டு, வெங்காயம் வேண்டாம் என்று கொரிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இந்திய–கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ சென்டர் இருக்கிறது. விசாரித்தால் எழுதித் தரக்கூடியவர்கள் கிடைப்பார்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துச் செல்லுங்கள். சூடாக்கிச் சாப்பிடும் வெறும் சாதம் அங்கே தெருமுனைக் கடைகளிலேயே விற்கும்.

மே மாதம் எதனாலோ தவறிவிட்டால் மனம் தளர வேண்டாம், ஹாஹ்வே இருக்கிறது. நான் நேரில் பார்த்தது அங்கேதான், ஓர் அக்டோபர் சனிக்கிழமை. ஆண்டோங் நகருக்கு அருகே நாக்தோங் ஆறு வளைந்து சுற்றிப் போகும் பழைய ஊர். ஒரு கரையில் பைன் தோப்பு, எதிர்க்கரையில் புயோங்தே செங்குத்துப் பாறை. தோப்பிலிருந்து பாறை உச்சிவரை ஆற்றின் மேலே கயிறு. அதில் கரிப்பொட்டலங்கள் மெல்ல மெல்லக் கனிந்து மேலேறும். ஒரு கட்டத்தில் கரையில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து "நாக்வா யா!" என்று கத்த வேண்டும். உடனே பாறை உச்சியிலிருந்து எரியும் பைன் கட்டு ஒன்று ஆற்றை நோக்கி உருண்டு சிதறும். முன்காலத்தில் படகில் உட்கார்ந்து கவிதை எழுதிய அறிஞர்கள், ஒரு பாட்டு முடிந்ததும் இப்படிக் குரல் கொடுத்தார்களாம். என் தொண்டை இரண்டாம் முறையே கட்டிவிட்டது. உங்கள் பையன் கடைசிவரை கத்துவான். இங்கே இது பல சனிக்கிழமைகளில் நடக்கிறது; சியோலிலிருந்து ஆண்டோங்குக்கு விரைவு ரயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆனால் உட்காருவது தரையில். அத்தைக்கு மடக்கு நாற்காலி இல்லாமல் போகாதீர்கள்.

பொறி பற்றிய பயத்துக்கு: இரண்டு ஊர்களிலும் பொறி விழுவது தண்ணீரில், நீங்கள் இருப்பது கரையில். காற்று திரும்பினால் ஒன்றிரண்டு பொறி பறந்து வரலாம் என்பதால், பையனுக்கு நைலான் ஜாக்கெட் வேண்டாம். கனமான பருத்திச் சட்டையும் மேலே கம்பளி ஸ்வெட்டரும் போதும். மே மாதத்திலும் இருட்டியபின் நம் ஊர் மார்கழிபோலக் குளிரும்.

இந்தியர்களுக்கு விசா கட்டாயம். சென்னையில் கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ரசீது எல்லாம் கேட்பார்கள். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். அங்கே வழி பார்க்க, பழகிய கூகுள் மேப்பை நம்பாமல் நேவர் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஹாமானிலேயே அறை தேடி அலைய வேண்டாம். பக்கத்திலுள்ள சாங்வோன் நகரில் இரண்டு இரவுக்குப் போடுங்கள். விழா முடிந்து நடுராத்திரி ஆனாலும் திரும்பிவிடலாம். அறை போடும்போது கட்டில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரபுவழி அறைகளில் தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்க வேண்டும், காலையில் அத்தையால் எழுந்திருக்க முடியாது.