வீடு மாறியதும் நாலு வயது மகள் மறுபடி படுக்கையை நனைக்கிறாள்: என்ன செய்வது?

கேள்வி: கணவரின் வேலை மாற்றத்தால் ஜூன் முதல் வாரம் பாளையங்கோட்டையிலிருந்து சென்னை மேடவாக்கத்துக்குக் குடிவந்தோம். அங்கே மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம் என்று எல்லோரும் ஒன்றாக இருந்த வீடு. இங்கே ஆறாவது மாடியில் வாடகை ஃபிளாட். மகளுக்கு நாலு வயது, எல்கேஜி சேர்த்திருக்கிறோம். மகனுக்கு ஒன்றரை வயது. மூன்று வயதிலேயே படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட மகள், இப்போது வாரத்தில் நாலைந்து நாள் நனைத்துவிடுகிறாள். ராத்திரி எழுந்து "நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று அழுகிறாள். மகன் என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. கணவர் வர இரவு எட்டரை ஆகிறது. மாமியாரோ "காத்து கறுப்பு பட்டிருக்கும், மந்திரிச்சுக் கயிறு கட்டு" என்கிறார். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் இன்னும் மோசமாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. நான்தான் சரியாகக் கவனிக்கவில்லையா?

பதில்: உங்கள் கவனிப்பில் குறை இல்லை. ஒரு வீடே சேர்ந்து செய்த வேலையைப் பகல் முழுக்க நீங்கள் ஒருவராகச் செய்கிறீர்கள். உங்கள் மகளிடம் இருப்பது பெரும்பாலும் பிரிவுத் துயரம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அப்படி முடிவு கட்டும் முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும்.

ஐந்து வயதுக்குள் தூக்கத்தில் சிறுநீர் போவதை மருத்துவத்தில் கோளாறாகக் கணக்கிடுவதில்லை. இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த குழந்தை திரும்ப ஆரம்பித்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. போகும்போது எரிகிறது என்று சொன்னாலோ, அடிக்கடி ஓடினாலோ, காய்ச்சல் இருந்தாலோ சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். தாகம் அடங்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள், உடம்பும் இளைக்கிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் குழந்தைகளுக்கும் வரும். திடீரென்று படுக்கையை நனைப்பது அதன் அறிகுறிகளில் ஒன்று.

அடுத்து, அவள் தினமும் ஒழுங்காக மலம் கழிக்கிறாளா என்று பாருங்கள். இதைப் பெற்றோர் யாரும் தாமாகச் சொல்வதில்லை, நான்தான் கேட்டு வாங்குவேன். ஊரில் குத்துக்கால் வைத்து உட்காரும் கழிப்பறையில் பழகிய பிள்ளைக்கு ஃபிளாட்டில் இருக்கும் வெஸ்டர்ன் டாய்லெட் பெரிய பயம். கால் அந்தரத்தில் தொங்கும், முக்க முடியாது, உள்ளே விழுந்துவிடுவோம் என்று தோன்றும், ஃப்ளஷ் சத்தம் வேறு. அதனால் அடக்கிக்கொள்வாள். பள்ளியிலும் அடக்குவாள். குடலில் தேங்கும் மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். இரவில் நனைவதற்கு அதுவே காரணமாகிவிடும். கால் வைக்க ஒரு சின்ன ஸ்டூலும், குழந்தைகளுக்கான சீட்டும் வாங்கிப் போடுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்காரவிடுங்கள். அவள் எழுந்து வெளியே வந்த பிறகு ஃப்ளஷ் செய்தால் போதும். கொய்யா, வாழைப்பழம், கீரை, பகலில் நிறையத் தண்ணீர். இதைச் சரிசெய்ததுமே படுக்கை நனைவது பாதியாகக் குறைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி அவள் அழுகைக்கு வருகிறேன். நாலு வயதுப் பிள்ளைக்கு 'இனிமேல் இங்கேதான்' என்பது புரியாது. வெளியூர் போவது என்றால் கல்யாணத்துக்கோ கோயில் கொடைத் திருவிழாவுக்கோ போய்விட்டுத் திரும்புவது என்றுதான் அவளுக்குத் தெரியும். இந்தப் பயணம் மட்டும் ஏன் முடியவே மாட்டேன் என்கிறது என்பதுதான் அவள் கேள்வி. அவளுக்கு வீடு என்றால் தலை சீவிவிட்ட ஆச்சி, சாயங்காலம் கடைக்குக் கூட்டிப்போன தாத்தா, தூங்கும்போது கேட்ட பேச்சுக்குரல்கள். அத்தனையும் ஒரே நாளில் போய்விட்டது. கூடவே பள்ளியும் புதிது.

அவள் "நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றதும் "இதுதான் நம்ம வீடு, லிஃப்ட் இருக்கு பாரு, பார்க் இருக்கு பாரு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவள் சொல்வதைக் காதில் வாங்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். "அழாதே, நாளைக்குப் போவோம்" என்ற பொய் அதைவிட மோசம். இருட்டில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "ஆச்சி ஞாபகம் வந்துட்டா? எனக்கும்தான் வருது. ஆச்சி உன்னை எப்படித் தூங்க வைப்பாங்க?" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல அழுவாள், அழட்டும். ஆச்சி முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி நீங்களும் தட்டிக்கொடுங்கள். அவள் இழந்தவற்றில் இங்கே திரும்பக் கொடுக்கக் கூடியதைக் கொடுப்பதும், முடியாததை ஒளிக்காமல் அவளோடு சேர்ந்து நினைப்பதும்தான் என் ஆலோசனையின் சாரம். புது பொம்மை வாங்கிச் சரிக்கட்ட வேண்டாம்.

வீடியோ கால் பேசினால் அழுகிறாள் என்று பல வீடுகளில் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. நேரம் குறித்துப் பேசுங்கள்: இரவு படுக்கும் முன் பத்து நிமிடம், போனைத் திருப்பி வைத்து, குரல் மட்டும் கேட்கிற மாதிரி ஆச்சி ஒரு கதை சொல்லட்டும். "எப்பம்மா வருவே?" என்று ஆச்சி அழக் கூடாது. இதை உங்கள் கணவர் தன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஆச்சியின் பழைய நூல்சேலை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். மகளுக்குப் போர்வையாக அதுவே போதும், அந்த வாசனைக்கு அவ்வளவு பலம் உண்டு.

மந்திரிப்பதைப் பற்றி: உங்கள் மாமியாரின் பேச்சில் இருப்பது பேத்தியைப் பற்றிய பயம்தான், அதற்காகச் சண்டை வேண்டாம். உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்தில் கயிறு வேண்டவே வேண்டாம், தூக்கத்தில் இறுக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. "உன்னை ஏதோ பிடிச்சிருக்கு" என்ற பேச்சு அவள் காதில் விழக் கூடாது.

ராத்திரி நனைத்தால் திட்டாமல், பேச்சை நீட்டாமல், உடை மாற்றிப் படுக்க வையுங்கள். மெத்தை மேல் ரப்பர் ஷீட். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை சிறு இரவு விளக்கு. பழைய வீட்டில் கண்ணை மூடிக்கொண்டே நடந்திருப்பாள். இங்கே இருட்டில் எந்தக் கதவு எது என்று தெரியாது. பகலில் நாலைந்து தடவை விளையாட்டாக அந்த வழியில் நடக்க வையுங்கள். தம்பி முன்னால், பக்கத்து வீட்டார் முன்னால் இதைப் பேச வேண்டாம். வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் தனியாகச் சொல்லிவையுங்கள், கேட்டதும் பாத்ரூமுக்கு அனுப்புவார்.

மூன்று, நாலு வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பா வரட்டும் என்று ஒன்பதரை, பத்து வரை விழித்திருந்தால் காலையில் பள்ளிக்கு எழும்பும் பிள்ளைக்கு அது கிடைக்காது. ஆகவே அப்பாவின் நேரத்தைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, பள்ளியில் விடுவது அவர் பொறுப்பு. இதை உதவியாகக் கேட்காதீர்கள், அவர் பங்கு அது.

மகன் இடுப்பில் ஒட்டிக்கொள்வது அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான், இடம் மாறியதில் கூடியிருக்கிறது. அவன் பார்க்காதபோது நழுவிப் போகாதீர்கள். "அம்மா துணி காயப்போட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். இப்போதைக்குத் தாய்ப்பாலை நிறுத்துவது, பாத்ரூம் பழக்குவது, தனியாகப் படுக்க வைப்பது எதுவும் வேண்டாம். ஊரில் சேலைத் தொட்டிலில் தூங்கிப் பழகியிருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். புது ஃபிளாட்டுகளில் தொட்டில் கொக்கி இருப்பதில்லை என்று ஃபேன் கொக்கியில் கட்டுகிறார்கள். குழந்தையின் எடையும் ஆட்டமும் தாங்கும் என்று நம்பி அதில் போடாதீர்கள். தரையில் மெத்தை விரித்து, பக்கத்தில் படுத்துப் பழக்குங்கள். ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளையே அவன் விட்டுவிட்டால், அல்லது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், வீடு மாறியதால் என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவன் வயதுக்கு வீட்டின் ஆபத்துகளையும் இந்த வாரமே பார்த்துவிட வேண்டும். பால்கனியில் நாற்காலி, பூந்தொட்டி, பிரிக்காத அட்டைப்பெட்டி, ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. கம்பி இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வலை அடிக்கச் சொல்லுங்கள், வீட்டுக்காரர் தயங்கினாலும் விடாதீர்கள். பாத்ரூமில் பக்கெட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது; சில அங்குலத் தண்ணீரே குழந்தை மூழ்கப் போதும். துணிப்பெட்டி பிரிக்கும்போது பாச்சை உருண்டை தரையில் உருண்டு கிடக்கும், மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்வான். எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் சுவரில் உரிந்து விழும் பெயின்ட்டைத் தின்னவிடாதீர்கள். பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றரை வயதுத் தடுப்பூசியும் இடமாற்றத்தில் விட்டுப்போயிருக்கலாம். ஊரில் கொடுத்த அட்டையோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு புதன்கிழமை போனால் போட்டுவிடுவார்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பிள்ளைகளோடும் கீழே இறங்குங்கள். அவர்கள் விளையாட மட்டும் இல்லை, உங்களுக்குப் பேச ஒரு பெரிய மனுஷி வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அழுகையாக வந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை அழையுங்கள். மத்திய அரசின் இலவச மனநல ஆலோசனைச் சேவை, எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

தீபாவளிக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். திரும்பி வந்ததும் சில நாள் மறுபடி அழுவாள், நனைப்பாள். அதற்குப் பயந்து ஆச்சியிடம் கூட்டிப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறும் முன்பே, எத்தனை ராத்திரி அங்கே, எப்போது திரும்புகிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஆச்சி வீட்டு நாள்காட்டியில் தினமும் ஒரு தாளை அவளே கிழிக்கட்டும். கிளம்பும்போது, தூங்கும் பிள்ளையைத் தூக்கி வண்டியில் போடாமல், விழித்திருக்கையில் ஆச்சியிடம் சொல்லிவிட்டு வரச் செய்யுங்கள். அவள் மறுபடி எப்போது வருவாள் என்பதையும் ஆச்சியே அவளிடம் சொல்லி அனுப்பட்டும்: "பொங்கலுக்கு வா" என்றால் பொங்கலுக்குக் கூட்டிப்போகத்தான் வேண்டும்.